17 மேட்ச், 17 வெற்றி: 1972 டால்பின்ஸ் சீசனை 18-வது மேட்ச் பேச்சுக்கு நடுவில் ஏன் நினைக்க வேண்டும்?

ஐபிஎல்லில் ஒரு டீம் 14 லீக் மேட்ச்சையும் ஜெயிக்கிறது. பிளே ஆஃபிலும் தோற்கவில்லை. ஃபைனலையும் ஜெயித்து கோப்பையைத் தூக்குகிறது. கேட்கவே கொஞ்சம் ஓவராகத்தான் இருக்கு, இல்லையா? ஐபிஎல்லில் எந்த அணியும் இதைச் செய்ததில்லை.

அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில் ஒரு டீம் செய்திருக்கிறது. அது மயாமி டால்பின்ஸ், வருடம் 1972. லீக் சுற்றில் 14-க்கு 14, பிளே ஆஃபில் 2-க்கு 2, கடைசியாக சூப்பர் பவுல். மொத்தம் 17 மேட்ச், 17 வெற்றி. சூப்பர் பவுல் தொடங்கிய 1967-லிருந்து சீசன் முழுக்கத் தோற்காமல் சாம்பியன் ஆன வேறு அணி கிடையாது.

இந்த ஐம்பது வருடப் பழைய கதையை இப்போது பேசக் காரணம் ஒரு எண். அன்று டால்பின்ஸ் சாம்பியன் ஆக ஆடியது மொத்தமே 17 மேட்ச். இன்று என்எஃப்எல்லில் லீக் சுற்றில் மட்டுமே ஒவ்வொரு அணியும் 17 மேட்ச் ஆடுகிறது. அதை 18 ஆக்க வேண்டும் என்ற பேச்சும் சில வருடங்களாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

கூடுதலாக ஒரே ஒரு மேட்ச்தானே, அதில் என்ன பிரச்னை? இதற்கான பதிலின் ஒரு பகுதி, அந்த 1972 அணி வீரர்களின் மூளையில் இருக்கிறது.

முதலில் இந்த ஆட்டம் எப்படி?

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். (பார்ப்பவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவிவிடலாம்.)

ஒவ்வொரு பக்கமும் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும். எல்லைக் கோட்டைத் தாண்டி பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. அதற்குப் பிறகு அடிக்கும் கிக்குக்கு 1 புள்ளி. தூரத்தில் இருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. யாரிடம் பந்தைக் கொடுப்பது, யாருக்கு வீசுவது என்று முடிவெடுத்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பந்து நகரும் ஒவ்வொரு முறையும் முன்வரிசை வீரர்கள் நேருக்கு நேர் மோதுகிறார்கள். பந்தோடு ஓடுபவரை யாராவது இழுத்துப் போட்டால்தான் பெரும்பாலும் அந்த வாய்ப்பு முடியும். ஒரு மேட்ச்சில் ஒவ்வொரு அணிக்கும் இப்படி சுமார் 60 வாய்ப்புகள். மோதல் இந்த ஆட்டத்தில் எப்போதாவது நடக்கும் விபத்து இல்லை. ஆட்டமே அதுதான்.

1972-ல் என்ன நடந்தது?

டால்பின்ஸ் அப்போது புது டீம். 1966-ல்தான் ஆட ஆரம்பித்தது. 1970-ல் டான் ஷுலா கோச்சாக வந்தார். அடுத்த சீசனிலேயே அணி சூப்பர் பவுலுக்குப் போய், டல்லாஸ் கவ்பாய்ஸிடம் 24-3 என்று படுதோல்வி அடைந்தது. அந்த அவமானத்தோடுதான் 1972 சீசன் தொடங்கியது.

மூன்றாவது வாரத்திலேயே கதை முடிந்திருக்க வேண்டியது. மினசோட்டாவுக்கு எதிராகப் பின்தங்கி, கடைசி நிமிடங்களில் தப்பித்து 16-14 என்று ஜெயித்தார்கள். ஐந்தாவது மேட்ச்சில் பெரிய அடி. குவார்ட்டர்பேக் பாப் கிரீஸியின் கால் உடைந்தது. கிரிக்கெட்டில் கேப்டனும் ஓப்பனரும் ஒரே ஆளாக இருந்து, அவர் பாதி சீசனில் வெளியே போனால் எப்படி இருக்கும், அப்படி.

அவர் இடத்துக்கு வந்தவர் எர்ல் மோரல். வயது 38. பால்டிமோர் அணி வேண்டாம் என்று விட்ட வீரரை, வெறும் 100 டாலர் கட்டணத்தில் டால்பின்ஸ் எடுத்திருந்தது. அந்த '100 டாலர்' மோரல் 11 மேட்ச்சைத் தொடங்கினார். 11-ம் வெற்றி. அதாவது தோல்வியே இல்லாத அந்த சீசனின் பெரும்பகுதியை நடத்தியது ரிசர்வ் குவார்ட்டர்பேக்தான்.

அணியின் பலம் தரைவழி ஆட்டம். பந்தை வீசுவதைவிடக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓடுவது. லேரி சோங்கா, மெர்க்குரி மோரிஸ், ஜிம் கீக் என்று மூன்று ஓட்டக்காரர்கள். சோங்கா எதிரே ஆள் வந்தால் விலகமாட்டார், இடித்துக்கொண்டு போவார். அவர் மூக்கு உடைந்தது ஒருமுறை இருமுறை இல்லை. அந்த சீசனில் டால்பின்ஸ் ஓடியே எடுத்த 2,960 யார்டு அப்போதைய லீக் சாதனை.

தற்காப்பு வரிசைக்கு 'பெயரில்லாதவர்கள்' என்றே பட்டப்பெயர். நட்சத்திர வீரர்கள் குறைவு, ஆனால் யாராலும் உடைக்க முடியாத வரிசை. அதன் மூளையாக இருந்தவர் லைன்பேக்கர் நிக் போனிகான்டி.

பிளே ஆஃபில் கிளீவ்லாந்தை 20-14, பிட்ஸ்பர்க்கை 21-17 என்று வென்றார்கள். பிட்ஸ்பர்க் மேட்ச்சின் பாதியில் கால் குணமாகி கிரீஸி திரும்பி வந்தார். ஒரு வேடிக்கை பாருங்கள்: தோற்காத அணி என்றாலும் அந்த அரையிறுதியை எதிரணி ஊரில் போய்த்தான் ஆட வேண்டியிருந்தது. ஏனென்றால் சொந்த மைதான உரிமை அப்போது சுழற்சி முறையில் கொடுக்கப்பட்டது, வெற்றிக் கணக்கின்படி இல்லை.

1973 ஜனவரி 14. லாஸ் ஏஞ்சலஸ் மெமோரியல் கொலீசியம். எதிரே வாஷிங்டன். 16-0 என்று வந்திருந்தாலும் பந்தயச் சந்தை லேசாக வாஷிங்டன் பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது டால்பின்ஸ் 14-0 என்று முன்னிலை. ஒரு ஃபீல்டு கோல் அடித்தால் 17-0. சீசன் கணக்கும் 17-0, ஸ்கோர்போர்டும் 17-0!

சைப்ரஸில் பிறந்த கிக்கர் காரோ யெப்ரெமியன் உதைத்தார். பந்து தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அதை எடுத்து வீசப் பார்த்தார். பந்து கையிலிருந்து வழுக்கி மேலே போக, எதிரணி வீரர் பிடித்து ஓடி டச் டவுன் போட்டுவிட்டார். 14-7. கடைசி இரண்டு நிமிடம் எல்லோருக்கும் திக்திக். ஆனாலும் ஜெயித்துவிட்டார்கள்.

அதிர்ஷ்டமா, சாதனையா?

இந்த விவாதம் அமெரிக்காவில் இன்னும் நடக்கிறது. லீக் சுற்றில் டால்பின்ஸ் சந்தித்த எதிரணிகளில் இரண்டு மட்டுமே அந்த சீசனில் தோல்வியைவிட அதிக வெற்றி பெற்றவை. 'ஈஸியான அட்டவணை' என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பின்னால் வந்தவர்களின் கதையையும் பார்க்க வேண்டும். 1985-ல் சிகாகோ பேர்ஸ் தோல்வியே இல்லாமல் 12-0 என்று வந்தது. டிசம்பர் 2 அன்று அவர்களை 38-24 என்று தோற்கடித்தது வேறு யாருமில்லை, இதே டால்பின்ஸ். பேர்ஸ் அந்த சீசனில் தோற்ற ஒரே மேட்ச் அதுதான்.

2007-ல் டாம் பிரேடியின் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் லீகில் 16-0. பிளே ஆஃபிலும் இரண்டு வெற்றி. 18-0 என்று சூப்பர் பவுலுக்கு வந்து, நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 17-14 என்று தோற்றது. 18 வெற்றி பெற்ற அணிக்குக் கோப்பை இல்லை. 17 வெற்றி பெற்ற அணி வரலாற்றில் நிற்கிறது.

9 யார்டைத் தேடிய லீக்

இந்த சீசனில் ஒரு சின்ன சம்பவம். சோங்கா 1,117 யார்டு ஓடியிருந்தார். மோரிஸ் கணக்கில் 991. இன்னும் 9 யார்டு இருந்திருந்தால், ஒரே அணியில் இரண்டு பேர் ஆளுக்கு 1,000 யார்டு ஓடிய முதல் ஜோடி ஆகியிருப்பார்கள்.

லீக் சுற்று முடிந்த பிறகு பழைய மேட்ச் ஒன்றின் பதிவை என்எஃப்எல் மறுபடி பார்த்தது. பஃபலோவுக்கு எதிரான ஆட்டத்தில் நழுவிய ஒரு பந்துக்காக மோரிஸ் கணக்கில் 9 யார்டு தவறாகக் கழிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. திருத்தினார்கள். சரியாக 1,000.

ஒரு ஓட்டத்தின் 9 யார்டை ஃபிலிம் போட்டுப் பார்த்துத் திருத்தும் அளவுக்குத் துல்லியம். ஆனால் அந்த 1,000 யார்டை ஓடும்போது அவர்கள் தலையில் எத்தனை இடி விழுந்தது? அதை யாரும் எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவும் இல்லை. தலை கிர்ரென்று சுற்றினால் ஓரமாக உட்கார்ந்து, மூக்கில் அம்மோனியா உப்பைக் காட்டி, தெளிந்ததும் மறுபடி உள்ளே போவது அந்தக் காலத்து வழக்கம்.

பிறகு அந்த வீரர்களுக்கு என்ன ஆனது?

மோரல் 2014-ல் இறந்தார். அவருடைய மூளையை பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். சி.டி.இ. எனப்படும் மூளைச் சிதைவு நோய், அதுவும் மிகக் கடுமையான நான்காம் கட்டத்தில் இருந்தது தெரியவந்தது.

மோரல் மட்டும் இல்லை. முன்வரிசை வீரர் பாப் க்யூச்சன்பெர்க், ஓட்டக்காரர் ஜிம் கீக், தற்காப்பு வரிசையின் போனிகான்டி ஆகியோருக்கும் இறந்த பிறகு இதே நோய் உறுதியானது. ஒரே அணி, ஒரே சீசன். கீக் தன் கடைசிக் காலத்தை நினைவு மங்கிய நிலையில் பராமரிப்பு இல்லத்தில் கழித்தார்.

போனிகான்டியின் கதை தனி. ஆட்டம் முடிந்ததும் முடங்கிப்போனவர் இல்லை அவர். வழக்கறிஞர், டிவி தொகுப்பாளர் என்று பல வருடம் சுறுசுறுப்பாக இருந்தவர். 1985-ல் அவருடைய மகன் மார்க், கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தில் ஒரு டேக்கிளின்போது கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அப்பாவும் மகனும் சேர்ந்து பக்கவாத ஆராய்ச்சிக்காக 'மயாமி ப்ராஜெக்ட்' என்ற அமைப்பைத் தொடங்க உதவி, அதற்காகப் பல வருடம் நிதி திரட்டினார்கள்.

எழுபது வயதைத் தாண்டிய பிறகு போனிகான்டிக்கே நினைவு தடுமாற ஆரம்பித்தது. 2017-ல் ஒரு செய்தியாளர் சந்திப்பில், தான் இறந்த பிறகு மூளையை ஆய்வுக்குக் கொடுக்கப்போவதாக அறிவித்தார். 2019 ஜூலையில் தன் 78-வது வயதில் இறந்தார்.

சி.டி.இ. என்றால் என்ன?

ஹெல்மெட் போட்டிருக்கிறார்களே, பிறகு எப்படி மூளை அடிபடும் என்று கேட்கலாம். டிபன் பாக்ஸில் தயிர் கொண்டுபோகிறீர்கள். பஸ் சடன் பிரேக் போடுகிறது. பாக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே தயிர் கலங்கிவிடும். ஹெல்மெட் காப்பாற்றுவது மண்டை ஓட்டை. உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுதாகத் தடுக்க முடியாது.

இப்படி வருடக்கணக்கில் குலுங்கும்போது 'டவ்' என்ற புரதம் மூளையில் தவறான விதத்தில் படிய ஆரம்பிக்கிறது. மெதுவாக நரம்பு செல்கள் சாகின்றன. மறதி, மனச்சோர்வு, கட்டுப்படுத்த முடியாத கோபம், கடைசியில் டிமென்ஷியா வரை போகலாம். பெரும்பாலும் ஆட்டத்தை விட்டுப் பல வருடம் கழித்துத்தான் அறிகுறி தெரியும். இன்றைய நிலையில் இதை உறுதியாகக் கண்டுபிடிப்பது இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தால்தான்.

என்எஃப்எல் வீரர் ஒருவரிடம் இதை முதலில் கண்டுபிடித்தவர், நைஜீரியாவில் பிறந்த டாக்டர் பென்னட் ஒமாலு. 2002-ல் பிட்ஸ்பர்க் அணியின் முன்னாள் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையைப் பரிசோதித்து, 2005-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். வில் ஸ்மித் நடித்த 'கன்கஷன்' படம் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும்.

லீக் அப்போது என்ன செய்தது? தலைக்காயம் பற்றி ஆராய 1994-லேயே ஒரு குழு அமைத்திருந்தது. அதன் தலைவராக இருந்தவர் மூளை மருத்துவர் இல்லை, மூட்டு நோய் மருத்துவர். ஒமாலுவின் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று அந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் ஆய்விதழுக்கு எழுதினார்கள். ஃபுட்பாலுக்கும் சி.டி.இ.-க்கும் தொடர்பு உண்டு என்று என்எஃப்எல் உயரதிகாரி ஒருவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2016 மார்ச்சில்தான்.

2023-ல் பாஸ்டன் பல்கலைக்கழகம் வெளியிட்ட எண்ணிக்கை இது: பரிசோதித்த 376 முன்னாள் என்எஃப்எல் வீரர்களில் 345 பேருக்கு சி.டி.இ.

இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 'வீரர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இருக்கிறது' என்று இதற்கு அர்த்தம் இல்லை. அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானமாகக் கொடுக்கின்றன. அதனால் இந்தக் கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆய்வாளர்களே இதைச் சொல்கிறார்கள். ஆனால் இதை அரிதான நோய் என்று ஒதுக்கிவிட முடியாது என்பது மட்டும் இந்த எண்ணிக்கையிலிருந்து தெளிவாகிறது.

18-வது மேட்ச்சுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இங்கேதான் அறிவியல் முக்கியமாகிறது. பொதுவாக நாம் நினைப்பது, மயங்கி விழும் அளவுக்குப் பெரிய அடி பட்டால்தான் ஆபத்து என்று. ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன.

2019-ல் வெளியான ஒரு பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வின்படி, டேக்கிள் ஃபுட்பால் ஆடும் ஒவ்வொரு கூடுதல் வருடமும் சி.டி.இ. வருவதற்கான சாத்தியத்தை 30 சதவீதம் கூட்டுகிறது. 2023-ல் வந்த இன்னொரு ஆய்வு, எத்தனை முறை கன்கஷன் ஆனது என்பதைவிட, வாழ்நாளில் தலை வாங்கிய இடிகளின் மொத்த விசைதான் நோயோடு அதிகம் ஒத்துப்போகிறது என்றது. அந்த நேரத்தில் எதுவும் ஆகாததுபோல் தோன்றும் சாதாரண இடிகளும் கணக்கில் சேருகின்றன.

அதாவது பிரச்னை கூட்டுத்தொகையில் இருக்கிறது. ஒரு மேட்ச் கூடினால், கூட்டுத்தொகையும் கூடும்.

லீக் சுற்று எப்படி வளர்ந்தது என்று பாருங்கள்:

* 1961 முதல்: 14 மேட்ச்
* 1978 முதல்: 16 மேட்ச்
* 2021 முதல்: 17 மேட்ச்
* இப்போது பேசப்படுவது: 18 மேட்ச்

இன்று ஒரு டீம் டால்பின்ஸ்போல் தோற்காமல் சாம்பியன் ஆக வேண்டும் என்றால் 17-0 போதாது. பிளே ஆஃபும் சேர்த்து 20 அல்லது 21 மேட்ச் ஜெயிக்க வேண்டும். 18 வந்தால் அது 21 அல்லது 22.

லீக் தரப்பு என்ன சொல்கிறது?

18-வது மேட்ச் பற்றி கமிஷனர் ரோஜர் குடெல் 2024 ஏப்ரலில் வெளிப்படையாகவே பேசினார். சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் ஒன்றைக் குறைத்துவிட்டு, அதற்குப் பதில் ஒரு உண்மையான மேட்ச் வைக்கலாம் என்பது அவர் வாதம். பயிற்சி ஆட்டத்தை ரசிகர்களும் விரும்புவதில்லை என்கிறார்.

கணக்காகப் பார்த்தால் இது தப்பில்லை. 1972-ல் 6 பயிற்சி ஆட்டம், 14 லீக் மேட்ச், மொத்தம் 20. பிறகு 4 + 16, அதுவும் 20. இன்று 3 + 17. நாளை 2 + 18. எப்போதுமே 20தானே என்று கேட்கலாம்.

ஆனால் அந்த 20-க்குள் ஒரு மாற்றம் ஒளிந்திருக்கிறது. இன்று முன்னணி வீரர்கள் பயிற்சி ஆட்டத்தில் பெரும்பாலும் ஆடுவதே இல்லை, அல்லது சில நிமிடம் தலைகாட்டிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். லீக் மேட்ச்சில் முழு நேரமும் ஆடுவார்கள். கிட்டத்தட்ட ஆடாத ஒரு மேட்ச்சை எடுத்துவிட்டு, முழுதாக ஆடும் ஒரு மேட்ச்சை வைத்தால், மொத்தம் அதே 20 ஆக இருக்கலாம். அவர்கள் தலை வாங்கும் இடி அதே அளவு இருக்காது.

லீக் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வதும் நியாயமில்லை. 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு, முழு கவசத்தோடு மோதும் பயிற்சி நாட்கள் லீக் சுற்றில் 14-ஆகக் குறைக்கப்பட்டன. அதிவேக மோதலுக்குப் பெயர்போன கிக்-ஆஃப் விதி 2024-ல் மாற்றப்பட்டது. ஹெல்மெட்டுக்கு மேல் மெத்தை போன்ற உறை போட்டு மேட்ச் ஆடவும் அதே வருடம் அனுமதி வந்தது. 2024-ல் பதிவான கன்கஷன்கள், 2015-லிருந்து வைத்திருக்கும் கணக்கிலேயே மிகக் குறைவு என்று லீக் அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் மேலே சொன்ன ஆய்வை மறுபடி நினைத்துப் பாருங்கள்: கன்கஷன் எண்ணிக்கை மட்டும் முழுக் கதை இல்லை.

பின்னணியில் பணமும் இருக்கிறது. 2021-ல் டிவி, ஸ்ட்ரீமிங் நிறுவனங்களோடு என்எஃப்எல் போட்ட நீண்டகால ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 11,000 கோடி டாலருக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது. ஒவ்வொரு கூடுதல் வாரமும் விற்கக்கூடிய சரக்கு. வருமானத்தில் வீரர்களுக்கும் பங்கு உண்டு என்பதால், சம்பள உச்சவரம்பும் கூடும். அதனால்தான் வீரர்கள் எல்லோரும் ஒரே குரலில் 'வேண்டாம்' என்று சொல்வதில்லை. 17-வது மேட்ச்சுக்கு வழிவிட்ட 2020 ஒப்பந்தம் வீரர்கள் வாக்கெடுப்பில் தப்பித்தது 1,019-க்கு 959 என்ற கணக்கில்தான். வெறும் 60 ஓட்டு வித்தியாசம்.

அதே டால்பின்ஸ், 50 வருடம் கழித்து

2022, அந்தப் பொன்னான சீசனின் ஐம்பதாவது ஆண்டு. செப்டம்பர் 25 அன்று டால்பின்ஸ் குவார்ட்டர்பேக் டுவா டகோவைலோவாவின் தலை தரையில் மோதியது. எழுந்தவர் தள்ளாடினார். முதுகு வலி என்று விளக்கம் சொல்லப்பட்டு, மறுபடி ஆட அனுமதிக்கப்பட்டார். நான்கே நாள் கழித்து, வியாழக்கிழமை இரவு மேட்ச்சில் மறுபடி விழுந்தார். விரல்கள் விறைத்து மடங்கி நின்றன. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். கோடிக்கணக்கான பேர் நேரலையில் பார்த்த காட்சி அது.

அடுத்த சில நாட்களிலேயே விதி மாற்றப்பட்டது. தள்ளாட்டம் தெரிந்தால், காரணம் எதுவானாலும் அன்று மறுபடி ஆட முடியாது. அதே சீசன் டிசம்பரில் டுவாவுக்கு மீண்டும் ஒரு கன்கஷன். ஓய்வு பெறுவது பற்றி யோசித்ததாக அவரே பிறகு சொன்னார். 2024 செப்டம்பரில் இன்னொன்று. நான்கு மேட்ச் ஆடவில்லை, பிறகு திரும்பி வந்தார்.

மோரல் காலத்துக்கும் டுவா காலத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மோரலுக்கு ஆபத்து தெரியாது. டுவாவுக்குத் தெரியும். கூடவே, 2024 ஜூலையில் அவர் 21.24 கோடி டாலர் ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார். தெரிந்தே எடுக்கும் ரிஸ்க், அதற்கு ஏற்ற சம்பளம், இதில் நமக்கு என்ன என்று சிலர் கேட்கிறார்கள்.

கேள்வி சரிதான். ஆனால் எல்லோரும் டுவா இல்லை. ஒரு வீரரின் சராசரி என்எஃப்எல் வாழ்க்கை மூன்று வருடத்துக்குச் சற்று அதிகம் என்கிறது வீரர்கள் சங்கம். குறைந்தபட்சத் தகுதியை எட்டியவர்களுக்கு லீகை விட்டபின் ஐந்து வருட மருத்துவக் காப்பீடு. சி.டி.இ. அறிகுறிகளோ பத்து, இருபது, முப்பது வருடம் கழித்து வருபவை. அந்த நேரத்தில் காப்பீடும் இருக்காது, டிவியில் முகமும் இருக்காது.

பில்லை யார் கட்டுவது?

ஓய்வுபெற்ற ஆயிரக்கணக்கான வீரர்கள் 2011-லிருந்து வழக்குப் போட்டார்கள். 2013-ல் லீக் 76.5 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. இந்தத் தொகை போதுமா என்று நீதிபதி சந்தேகப்பட்டதால் உச்சவரம்பு நீக்கப்பட்டது. 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்த சமரசத்தின் கீழ் இதுவரை 100 கோடி டாலருக்கு மேல் வழங்கப்பட்டிருக்கிறது. லீக் தன் மீது தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை.

அதிலும் இரண்டு ஓட்டைகள். முதலாவது, இறந்த பிறகு கண்டுபிடிக்கப்படும் சி.டி.இ.-க்கு என்று தனியாக இழப்பீடு, 2015 ஏப்ரல் 22-க்கு முன் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மட்டும்தான். இரண்டாவது இன்னும் மோசம். டிமென்ஷியாவை மதிப்பிடும் சோதனையில், கறுப்பின வீரர்களின் மூளைத்திறன் ஆரம்பத்திலேயே குறைவாக இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு மதிப்பெண்ணைத் திருத்தும் முறை இருந்தது. இதனால் அவர்கள் பாதிப்பை நிரூபிப்பது கடினமானது. இரண்டு முன்னாள் வீரர்கள் 2020-ல் வழக்குப் போட்ட பிறகுதான், 2021-ல் அந்த முறையைக் கைவிட லீக் சம்மதித்தது.

அடுத்து என்ன?

இப்போதைய ஒப்பந்தம் 2030 சீசன் வரை. வீரர்கள் சங்கம் சம்மதிக்காமல் 18-வது மேட்ச்சை லீகால் கொண்டுவர முடியாது. அதனால் இது பேரம். பேரம் நடக்கும்போது செய்திகளில் அதிகம் அடிபடப்போவது சம்பள உச்சவரம்பும், இரண்டாவது ஓய்வு வாரமும், சூப்பர் பவுல் எந்த வாரம் வரும் என்பதும்தான்.

அப்போது நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு மூன்று விஷயம். ஒவ்வொரு வீரரின் தலையும் ஒரு சீசனில் வாங்கும் மொத்த இடியை அளந்து, அந்த வீரரிடமே சொல்வார்களா? கூடுதல் மேட்ச்சுக்கு ஈடாக மோதல் பயிற்சி இன்னும் குறையுமா? ஐந்து வருட மருத்துவக் காப்பீடு, நோய் வரும் வயது வரை நீளுமா? இந்த மூன்றுக்கும் ஒப்பந்தத்தில் பதில் இல்லையென்றால், 18-வது மேட்ச்சின் பில் மறுபடியும் வீரர்களின் வீட்டுக்குத்தான் போகும்.

1972 அணியைக் கொண்டாடுவதில் தவறே இல்லை. 2013-ல் அதிபர் ஒபாமா அவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து கௌரவித்தார். நாற்பது வருடம் தாமதமான மரியாதை. அந்தச் சாதனையை இனி யாராலும் குறைக்க முடியாது; மேட்ச் கூடக் கூட அதைச் செய்வது இன்னும் கஷ்டமாகத்தான் ஆகும்.

ஆனால் மோரிஸின் 9 யார்டை அன்று தேடிக் கண்டுபிடித்ததுபோல், அந்த வீரர்கள் வாங்கிய இடிகளையும் யாராவது எண்ணியிருக்கலாம். யாரும் எண்ணாததால்தான் போனிகான்டி தன் மூளையையே கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிறவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்களா என்று பார்க்கலாம்.